வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தால்: விளைநிலத்தையும் காட்டையும் காக்கும் சட்டங்கள் எப்படி வேலை செய்கின்றன?

2022ஆம் ஆண்டு கடைசியில் கனடாவின் ஒண்டாரியோ மாகாண அரசு ஒரு முடிவெடுத்தது. டொராண்டோவைச் சுற்றி 2005இல் சட்டம் போட்டுப் பாதுகாத்து வைத்திருந்த பசுமை வளையத்திலிருந்து 15 இடங்களை, ஏறக்குறைய 7,400 ஏக்கரை, வீடு கட்டுவதற்காக வெளியே எடுத்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாகாணத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை வந்தது. இந்த ஒரு முடிவால் அந்த நில உரிமையாளர்களுக்கு 830 கோடி கனடா டாலருக்கு மேல் மதிப்பு கூடக்கூடும் என்று அதில் இருந்தது. செப்டம்பரில் துறை அமைச்சர் பதவி விலகினார், மாகாண முதல்வர் மன்னிப்புக் கேட்டு முடிவைத் திரும்பப் பெற்றார்.

அதற்குள் அந்த 7,400 ஏக்கரில் குடியிருப்புகள் எதுவும் எழுந்துவிடவில்லை. மண் அதே மண், மழை அதே மழை. அப்படியிருக்க 830 கோடி எங்கிருந்து வந்தது? விளைநிலம், காடு பற்றிய சட்டங்கள் ஏன் சில இடங்களில் நிற்கின்றன, ஏன் பல இடங்களில் கரைகின்றன என்பதற்கான விடை பெரும்பாலும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் வகை மாற்றம், பசுமை வளையம், ஈடாகக் காடு வளர்ப்பு என்று செய்திகளில் வரும் சொற்களெல்லாம் பிடிபட்டுவிடும்.

## முதலில் அடிப்படை: நிலத்துக்கு ஏன் இரண்டு விலை?

ஒரு ஏக்கர் வயலுக்கு இரண்டு விலை உண்டு. அதில் விளைவதை விற்று வரும் வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வருவது ஒன்று. அதை மனையாகப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டால் வருவது இன்னொன்று. ஊருக்குப் பக்கத்தில் இரண்டாவது விலை முதலாவதைப் போலப் பல மடங்கு இருக்கும். நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் விளைநிலத்தின் எதிரி. உரிமையாளரின் பேராசை, அதிகாரியின் ஊழல் என்று நாம் திட்டுவதெல்லாம் பெரும்பாலும் இந்த இடைவெளியில் முளைப்பவை.

இங்கே இரண்டு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம்.

கட்டும் உரிமை: நிலத்தை உழுவது, விற்பது, பிள்ளைகளுக்குக் கொடுப்பது என்று பல உரிமைகள் சேர்ந்ததுதான் நில உடைமை. அதில் ‘இங்கே கட்டடம் கட்டலாம்’ என்பதும் ஓர் உரிமை. மற்றவற்றிலிருந்து அதை மட்டும் தனியாகப் பிரிக்க முடியும், விற்கக்கூட முடியும். பின்னால் வரப்போகும் பாதிக் கருவிகள் இதை நம்பித்தான் இருக்கின்றன.

வகைப்பாடு, வகை மாற்றம்: எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அரசு வரைபடத்தில் குறித்து வைப்பது வகைப்பாடு. விவசாயம் என்று குறித்திருப்பதைக் குடியிருப்பு என்று மாற்றுவது வகை மாற்றம். ஒண்டாரியோவில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். இரண்டாவது விலையை அடைவதற்குக் குறுக்கே நின்ற கோட்டை அரசே எடுத்துவிட்டது, இடைவெளி முழுவதும் ஒரே நாளில் உரிமையாளர் பக்கம் போக இருந்தது.

## நல்ல நிலம்தான் முதலில் போகும்

‘இவ்வளவு தரிசு கிடக்கிறதே, அங்கே கட்டிக்கொள்ளக் கூடாதா?’ என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஊர்கள் உண்டானதே ஆற்றோரத்திலும் வண்டல் மண்ணிலும்தான். சோறு விளையும் இடத்தில்தான் மனிதர்கள் கூடினார்கள், கூடிய இடம் ஊராகி நகரமானது. அதனால் நகரம் விரியும்போது அது விழுங்குவது பக்கத்தில் இருக்கும் நல்ல மண்ணைத்தான். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, 2030க்குள் நகர விரிவால் உலகப் பயிர்நிலத்தில் 2 விழுக்காட்டை ஒட்டிய அளவு போகக்கூடும் என்று மதிப்பிட்டது. கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் அந்த நிலங்கள் உலகச் சராசரியைவிட 1.77 மடங்கு விளையக்கூடியவை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

போன மண் திரும்பாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கு.

ஒரு நெல்வயலைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே, தலைமுறை தலைமுறையாகச் சேற்றுழவு செய்து இறுகிப்போன ஓர் அடுக்கு இருக்கும். ஊற்றிய தண்ணீர் உடனே கீழே இறங்காமல் வயலில் நிற்பதற்கு அதுதான் காரணம். அந்த வயலின் தண்ணீர் மேல் வயலின் மடை வழியாக வந்திருக்கும், வடிவது கீழ் வயலுக்குப் போகும். நடுவில் இருக்கும் ஒருவர் விற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் கிராவல் கொட்டி மூன்றடி உயர்த்துகிறார், சுற்றிலும் சுவர் எழுப்புகிறார். மேல் வயலில் மழைத் தண்ணீர் வடிய வழியில்லாமல் பயிர் அழுகுகிறது. கீழ் வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வந்து சேரவில்லை. இருவருமே நிலத்தை விற்க நினைக்காதவர்களாக இருக்கலாம், ஆனால் இரண்டு மூன்று போகம் கைவிட்டுப் போனால் என்ன செய்வார்கள்? விற்ற நிலம் ஒன்று, செத்த நிலம் மூன்று.

அப்புறம் இன்னொன்றும் நடக்கிறது. ‘எப்படியும் பத்து வருஷத்தில் இங்கே பிளாட் வந்துவிடும்’ என்ற நினைப்பு பரவியதும் யாரும் கிணற்றை ஆழப்படுத்துவதில்லை, வரப்பை எடுத்துக் கட்டுவதில்லை, பத்து வருஷம் கழித்துப் பலன் தரும் மரம் வைப்பதில்லை. கடைசியில் நிலம் மோசமாகத்தான் போகும், அப்போது ‘இது விவசாயத்துக்கு லாயக்கில்லாத நிலம்’ என்று அதையே வகை மாற்றத்துக்குக் காரணமாகக் காட்டுவார்கள். அதனால் தான் வெறும் சட்டம் மட்டும் போதாது, ‘இந்தக் கோடு நகராது’ என்ற நம்பிக்கையும் வேண்டும். அது இல்லாவிட்டால் தடை இருக்கும்போதே வயல் சாகும்.

## இதில் காடு எங்கே வருகிறது?

காட்டை அழிப்பது நகரம் என்று நினைப்போம். நேரடியாகப் பார்த்தால் அப்படி இல்லை. உலகில் நடக்கும் காடழிப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு விவசாயத்துக்காக, அதாவது பயிரிடவும் மாடு மேய்க்கவும் நடக்கிறது என்கிறது உணவு வேளாண் அமைப்பு. 2015க்குப் பிந்தைய பத்தாண்டில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடியே 9 லட்சம் ஹெக்டேர் காடு அழிந்திருக்கிறது.

நகரம் நல்ல வயலைத் தள்ளுகிறது, வயல் காட்டைத் தள்ளுகிறது. ஊரோரத்தில் நன்றாக விளையும் ஒரு ஹெக்டேரை இழந்தால், அதே விளைச்சலை எடுக்கச் சரிவிலோ காட்டோரத்திலோ அதைவிடப் பெரிய பரப்பை உழ வேண்டியிருக்கும். அதனால் ஒன்றுக்கு மட்டும் வேலி போடும் கொள்கை பாதி வேலைதான். காட்டை இறுக்கிப் பூட்டிவிட்டு வயலை மனைக்கு விட்டால், பசி வேறு எங்கோ ஒரு காட்டைத் தேடிப் போகும். பல நேரம் அது வேறு நாட்டுக் காடாக இருக்கும், நம் கண்ணுக்கே படாது.

## அரசுகள் கையில் உள்ள கருவிகள்

1. கோடு போட்டுத் தடுப்பது. எளிமையானது, அரசுக்குச் செலவு குறைவு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 ஹெக்டேர் நல்ல விளைநிலம் போய்க்கொண்டிருந்தது. 1972 டிசம்பரில் அரசு முதலில் எல்லா வகை மாற்றத்தையும் நிறுத்தி வைத்தது, அடுத்த ஆண்டு சட்டம் கொண்டுவந்து விளைநிலக் காப்பகம் ஒன்றை உருவாக்கியது. முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு சட்டம் பேசியது மிக முக்கியமான புத்திசாலித்தனம், ஏனென்றால் சட்டம் வரப்போகிறது என்று தெரிந்தாலே அதற்குள் ஆயிரம் விண்ணப்பம் குவிந்துவிடும். காப்பகத்தில் இருப்பது சுமார் 46 லட்சம் ஹெக்டேர், மாகாணப் பரப்பில் 5 விழுக்காடுதான். அந்த அரசு 1975 தேர்தலில் தோற்றது. பிறகு வந்தவர்கள் சட்டத்தைத் திருத்தினார்கள், தளர்த்தினார்கள், ஆனால் காப்பகத்தைக் கலைக்கவில்லை.

2. வரிச்சலுகை. நிலத்துக்கு மனை விலையில் வரி போடாமல் பயிர் வருமானத்தை வைத்து வரி போடுவது. அமெரிக்காவில் முதலில் மேரிலாந்து 1956இல் இதைச் செய்தது. உண்மையான விவசாயிக்கு இது உதவிதான். ஆனால் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு விலை ஏறக் காத்திருப்பவரும் நான்கு மாட்டை மேயவிட்டு இதே சலுகையை வாங்கிக்கொள்கிறார். தனியாக இதை மட்டும் வைத்து ஒரு வயலையும் காப்பாற்ற முடியாது.

3. கட்டும் உரிமையை அரசு விலைக்கு வாங்குவது. நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) 1974இல் தொடங்கிய வழி. விவசாயி நிலத்தை விற்பதில்லை, கட்டும் உரிமையை மட்டும் விற்கிறார். இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள தொகை அவர் கைக்கு வருகிறது, நிலம் என்றைக்கும் விவசாய நிலமாகவே இருக்கும் என்று பத்திரத்தில் பதிவாகிறது. விவசாயிக்கு நியாயமானது, ஆனால் செலவு அதிகம், ஊர் நெருங்க நெருங்க இன்னும் ஏறும். அதனால் விலை ஏறுமுன் தொடங்கினால்தான் கட்டுப்படியாகும்.

4. கட்டும் உரிமையை இடம் மாற்றுவது. இதில் அரசு தன் பணத்தைப் போட வேண்டியதில்லை. மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டி 1980இல் 93,000 ஏக்கரை விவசாயக் காப்பகமாக அறிவித்து, 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று இருந்ததை 25 ஏக்கருக்கு ஒரு வீடாகக் குறைத்தது. ஆனால் 5 ஏக்கருக்கு ஒன்று வீதம் கட்டும் உரிமையை விவசாயி கையிலேயே விட்டது. 100 ஏக்கர் உள்ளவர் அங்கே கட்டக்கூடியது 4 வீடு. கட்டாமல் விட்டால் 20 உரிமை வரை விற்கலாம். வாங்குபவர் ஊருக்குள் கட்டும் பில்டர், உரிமை வாங்கியிருந்தால் குறிப்பிட்ட பகுதிகளில் வழக்கத்தைவிடக் கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்ளலாம். விவசாயியின் நஷ்டத்தை நகரத்து லாபம் அடைக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒரு சிக்கல் என்னவென்றால், கூடுதல் வீடுகள் வரும் பகுதியில் குடியிருப்பவர்கள் ‘இங்கே வேண்டாம்’ என்று நிற்பார்கள், அவர்கள் ஜெயித்தால் உரிமையை வாங்க ஆள் இருக்காது.

5. கூடிய மதிப்பில் பங்கு கேட்பது. 1947இல் பிரிட்டன் துணிந்து இறங்கியது. கட்டும் உரிமையே அரசுடையது, அனுமதி வாங்கிக் கட்டினால் அதனால் கூடிய மதிப்பு முழுவதையும் கட்டணமாகச் செலுத்து என்றது. முழுவதும் போய்விடும் என்றால் யார் நிலத்தை விற்பார்கள்? அடுத்த ஆட்சி இதை நீக்கிவிடும் என்று காத்திருந்தார்கள், 1950களின் தொடக்கத்தில் கட்டணம் நீங்கியது. அனுமதி வேண்டும் என்ற விதி மட்டும் இன்றுவரை நிற்கிறது. சுவிட்சர்லாந்து நிதானமாகச் செய்தது. 2013இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்ற திருத்தத்தின்படி, ஒரு நிலம் புதிதாகக் கட்டுமான வகைக்கு மாறினால் கூடிய மதிப்பில் குறைந்தது 20 விழுக்காட்டைப் பொதுவுக்குக் கொடுக்க வேண்டும்.

6. காட்டை நிற்கவிடுபவருக்குப் பணம். கோஸ்டா ரிகாவின் 1996 காட்டுச் சட்டம் ஒரு கையால் தடுத்தது, இன்னொரு கையால் கொடுத்தது. இயற்கைக் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடை. காடு வைத்திருப்பவருக்கு எரிபொருள் வரியிலிருந்து பணம். 1980களில் நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய காடு இன்று பாதிக்கு மேல் இருக்கிறது. மாட்டிறைச்சி விலை விழுந்து மேய்ச்சல் கட்டுப்படியாகாமல் போனதற்கும் இதில் பங்குண்டு. மேய்ச்சலில் பணம் கொட்டிய காலத்தில் இதே தொகை போதுமானதாக இருந்திருக்காது.

7. கடனை நிறுத்துவது. பிரேசில் சட்டப்படி அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் பொதுவாக 80 விழுக்காட்டைக் காடாகவே விட வேண்டும். இந்த விதி ஏட்டில் இருந்தபோதே 2004இல் ஒரே ஆண்டில் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. அப்புறம் செயற்கைக்கோள் கண்காணிப்பு வந்தது, அழித்த நிலத்தில் விளைந்ததை விற்கத் தடை வந்தது, 2008இல் சுற்றுச்சூழல் விதியை மதிக்காதவருக்கு வங்கியில் விவசாயக் கடன் இல்லை என்றானது. 2012இல் அழிந்தது சுமார் 4,600 சதுர கிலோமீட்டர். பின்னர் கண்காணிப்பு தளர்ந்ததும் 2021இல் 13,000ஐத் தொட்டது. காட்டுச் சட்டத்தில் இருந்த 80 விழுக்காடு என்ற எண் மட்டும் மாறவே இல்லை.

## ‘என் நிலத்துக்கு யார் ஈடு தருவது?’

இந்தக் கேள்வியை ரியல் எஸ்டேட்காரர்களின் தந்திரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வாழ்நாள் முழுக்க உழைத்த விவசாயிக்கு நிலம்தான் சேமிப்பு. மகளின் படிப்பு, தன் வைத்தியம், முதுமை எல்லாமே அதை நம்பித்தான். ஊருக்கெல்லாம் பயன் தரும் பசுமைக்கு அவர் ஒருவர் மட்டும் விலை கொடுப்பது நியாயம் இல்லை.

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலம் 1973இல் சட்டம் இயற்றி, ஒவ்வொரு ஊரும் தனக்கு எல்லைக்கோடு போட்டுக்கொள்ள வேண்டும் என்றது. விளைநிலத்தைக் காத்ததில் அது பேர் வாங்கியது. ஆனால் ஈடு பற்றிப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. 31 ஆண்டு கழித்து அந்தக் கோபம் வெடித்தது. 2004 வாக்கெடுப்பில் 61 விழுக்காடு மக்கள், ‘கட்டுப்பாட்டால் மதிப்புக் குறைந்தால் ஈடு கொடு, இல்லையென்றால் கட்டுப்பாட்டை விலக்கு’ என்ற சட்டத்தை நிறைவேற்றினார்கள். ஏறக்குறைய 7,000 கோரிக்கைகள் குவிந்தன. கொடுக்கப் பணம் இல்லாததால் அரசு கட்டுப்பாட்டை விலக்கிக்கொண்டே போனது. விவசாயி தன் நிலத்தில் பிள்ளைக்கு ஒரு வீடு கட்ட அனுமதி கேட்பார் என்று நினைத்து வாக்களித்தவர்கள், பக்கத்து வயலில் பெரிய குடியிருப்பு வரப்போவதைப் பார்த்தார்கள். 2007இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதே மக்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைச் சுருக்கி, ஒரு சில வீடுகளோடு நிறுத்தினார்கள். தடையைப் போட்ட அன்றே ஈட்டுக்கும் ஒரு வழி வைத்திருந்தால் இந்தச் சுற்று தேவைப்பட்டிருக்காது.

## சட்டம் இருந்தும் நிலம் போகும் வழிகள்

சொல்லின் பொருள். உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் அரை ஹெக்டேருக்கு மேல் பரப்பு, 5 மீட்டருக்கு மேல் உயரம் கொண்ட மரங்கள், 10 விழுக்காட்டுக்கு மேல் நிழல்பரப்பு இருந்தால் அது காடு. ரப்பர் தோட்டமும் இதில் காடாகிவிடும். எனவே இயற்கைக் காட்டை வெட்டி ரப்பர் வைத்தாலும் புள்ளிவிவரத்தில் காடு குறையாது. இந்தியாவில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், யாருக்குச் சொந்தமானாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. 2023 சட்டத் திருத்தம் அந்த வரையறையைக் குறுக்கியது. 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவாகப் பழைய பொருளையே பின்பற்றச் சொன்னது நீதிமன்றம். சட்டத்தின் முதல் பக்கத்தில் உள்ள வரையறையை வைத்து மட்டுமே எத்தனை சண்டை என்று பாருங்கள்.

எதற்குப் பொருந்தும் என்பது. இந்தியாவின் 2013 நிலமெடுப்புச் சட்டம், பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே எடுக்க வேண்டும் என்கிறது. பலர் இதை எல்லா நிலத்துக்குமான காப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இது அரசு நிலம் எடுப்பதற்கான விதி. ஒருவர் தானாகத் தன் வயலை மனைக்கு விற்பதை இது தடுக்காது. நெடுஞ்சாலை, ரயில் பாதை, மின்தடம் போல நீண்டு செல்லும் திட்டங்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் உண்டு. ஒரு சாலை வந்தால் அதன் இரு பக்கமும் இரண்டாவது விலை ஏறும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

‘ஈடு செய்துவிட்டோம்’ என்பது. சீனா 180 கோடி மூ, அதாவது 12 கோடி ஹெக்டேர் பயிர்நிலத்துக்குக் கீழே போகக் கூடாது என்று சிவப்புக்கோடு வைத்திருக்கிறது. கட்டடத்துக்குப் போன பரப்பை வேறு இடத்தில் உருவாக்கிச் சரிசெய்ய வேண்டும். பரப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் போனது ஆற்றோர வளமண், வந்தது சரிவிலும் வறண்ட இடத்திலும் புதிதாக உழுத மண். காட்டுக்கு ஈடாக மரம் வைப்பதிலும் இதே கதைதான் நடக்கிறது. நூறு வருஷக் காட்டுக்கு ஈடாக ஒரே இன மரக்கன்றுகளை வரிசையாக நட்டுவிட்டு ஹெக்டேர் சரியாக இருக்கிறது என்பார்கள். ஈடு பற்றிய செய்தி வந்தால் எத்தனை ஹெக்டேர் என்பதோடு எங்கே, என்ன மண், தண்ணீர் உண்டா, பத்து வருஷம் கழித்து யார் போய்ப் பார்ப்பார் என்றும் கேட்க வேண்டும்.

## கோடு போட்டால் வீட்டு விலை ஏறாதா?

ஏறலாம். இந்த எதிர்வாதத்தை மழுப்பக் கூடாது. நிலத்தின் வரத்தைச் சுருக்கிவிட்டு உள்ளே கட்டுவதையும் கடினமாக்கினால் வாடகைக்கு இருப்பவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள், அவர்களின் நியாயமான கோபத்தை வைத்தே கோட்டை அழிப்பார்கள். ஒண்டாரியோவில் சொன்ன காரணமும் வீட்டுப் பற்றாக்குறைதான். ஆனால் அந்த அரசே அமைத்த வல்லுநர் குழு, நிலம் பற்றாக்குறை இல்லை, ஏற்கெனவே ஊருக்குள் இருக்கும் நிலத்தில் கட்டலாம் என்று சொல்லியிருந்தது.

ஒரேகான் சட்டத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. எல்லைக்கோட்டுக்குள் அடுத்த 20 ஆண்டுக்குத் தேவையான வீட்டு நிலம் இருக்கிறதா என்று ஊர்கள் கணக்குக் காட்ட வேண்டும். 2019இல் இன்னும் ஒரு படி போனார்கள். தனி வீடு மட்டும்தான் என்று ஒதுக்கியிருந்த மனைகளில், 10,000 பேருக்கு மேல் உள்ள ஊர்கள் இரண்டு வீடு கட்ட அனுமதித்தே ஆக வேண்டும், 25,000க்கு மேல் உள்ளவை நான்கு வீடு வரை. ஒரு மனையில் நான்கு குடும்பம் குடியேறினால், கோட்டுக்கு வெளியே மூன்று மனைக்குத் தேவைப்பட்டிருக்கும் வயல் அடுத்த போகத்துக்கும் உழவனிடமே இருக்கும்.